நாலாவது திருப்பத்துச் சாட்சி

கொஞ்சம் நவுந்துக்கறீங்களா தம்பி? இந்தப் பையை மடியிலயே வச்சுக்கறேன். மேல வச்சா பிரேக் அடிக்கறப்ப உருண்டு விழுந்துரும். உள்ள மைசூர்பாகு இருக்குதுங்க, அக்காளுக்கு ஒரு சேலை இருக்குது, போனை டிவியில மாட்டற ஒயர் ஒண்ணு இருக்குது. ஒயர் எதுக்குன்னு பாக்கறீங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

நீங்க பொள்ளாச்சிங்களா? நான் கெணத்துக்கடவுலயே எறங்கிருவேன். என்ற அக்கா வீடுங்க. ஆறு வருசம் கழிச்சுப் போறேன். உக்கடத்துல பஸ் ஏறினா முக்கா மணி நேரம், ஆனா ஆறு வருசமா அந்த வாசப்படி மிதிக்கலை. என்ன குத்தம் பண்ணினேன்னு கேளுங்க. உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதுக்குக் கூடப் பொறந்தவளே கதவைச் சாத்திப்போட்டா.

எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க, எதாச்சும் கேக்கறதா இருந்தா சத்தமாக் கேளுங்க. பீளமேட்டுல பம்பு கம்பெனியில டெஸ்டிங்ல முப்பத்தோரு வருசம் இருந்தேன். அந்த எரைச்சல்ல போனதுதான். கண்ணு மட்டும் நல்லாத் தெரியும். கண்ணுதானுங்க என்ற சொத்து. லீவு நாள்ல கார் பந்தயத்துக்கு மார்ஷலாப் போயிட்டிருந்தேன். நம்ம கோயமுத்தூர்ல பாதிப் பேருக்கு ரேஸ் பைத்தியம், மீதிப் பேரு அந்தக் காருக்கு பார்ட்ஸ் கடையறவங்க. நான் ரெண்டுலயும் சேராதவன். எனக்குக் கொடி.

மார்ஷல்னா ஒண்ணுமில்லைங்க. டிராக்குல ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு மேடை இருக்கும், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு பேர் நிக்கோணும். ஒருத்தர் கையில தீயணைக்கற சிலிண்டர், ஒருத்தர் கையில கொடி. மஞ்சள் காட்டினா முன்னாடி ஆபத்து, மெதுவாப் போ. செவப்பு காட்டினா பந்தயமே நின்னுரோணும். நீலம் காட்டினா, உன்ற பின்னாடி உன்னைவிட வேகமா ஒருத்தன் வர்றான், வழி விடு. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு நிக்கோணுமுங்க. வண்டி ஓட்டறவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கொடிக்குக் கட்டுப்பட்டவன். நான் நீலத்தைத் தூக்கினா, வீட்டுல மூணு கார் வச்சிருக்கறவன் மகன்கூட ஒதுங்கித்தான் போவோணும்.

என்ற அக்கா மகன் பூபேஷ் அந்தப் பந்தயத்துல ஓட்டுவானுங்க. அவனை முதமுதல்ல டிராக்குக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். அப்பனில்லாத பையன். அக்கா வேண்டாம் வேண்டாம்னா. நான் இருக்கேன், நீ பேசாம இருன்னேன். நல்லா ஓட்டினானுங்க, பொய் சொல்லப்படாது. இருவத்திரெண்டு வயசுல அந்த வருசத்து வரிசையில மொத எடத்துல இருந்தான். அவனுக்குச் சரியான எதிரி மெட்ராஸ் பையன் ஒருத்தன், ஆல்வின்னு பேரு. ரெண்டு பேருக்கும் ஆகாது. ஒருத்தன் நிக்கற பக்கம் ஒருத்தன் டீ குடிக்க மாட்டான். அந்தக் கடைசிப் பந்தயத்துல யார் முன்னாடி வர்றானோ அவன்தான் அந்த வருசம் ஜெயிச்சவன். ஜெயிச்சா மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போயி ஓட்ட வச்சுப் பாக்கறதா ஒரு பெரிய டீம் சொல்லியிருந்துச்சு. பூபேஷ் பாஸ்போர்ட் எடுத்து வச்சிருந்தான். அக்கா அதை மஞ்சப் பையில போட்டு சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தா.

அதுக்கு முந்தின மாசம் ஒரு பேச்சு கெளம்புச்சு, அதைச் சொல்லோணும். ஒரு பிராக்டீஸ் நாள்ல பூபேஷ் மெதுவாப் போயிட்டிருந்தான், பின்னாடி ஆல்வின் வந்தான். நான் நீலம் காட்டறதுக்குள்ள ரெண்டு பேரும் தாண்டிட்டாங்க. ஒரு நொடி, அவ்வளவுதான். அதுக்கு ஆல்வின் ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? மாமன் கையில கொடி இருந்தா மருமவனுக்கு எப்படி நீலம் வரும்னு. கேண்டீன்ல, எனக்குக் கேக்கற மாதிரி. எனக்கே கேட்டுதுன்னா எவ்வளவு சத்தமாச் சொல்லியிருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. நாக்கு மேல பல்லைப் போட்டு என்னைய அப்படிச் சொல்லிட்டாங்க. அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணினேன். சொந்தம் பந்தமெல்லாம் வீட்டோட. மேடை மேல ஏறிட்டா எனக்கு அக்காளும் இல்லை, அக்கா மகனும் இல்லை.

சுந்தராபுரம் தாண்டிருச்சுங்களா? சரி.

எனக்குப் பெரும்பாலும் பிராக்டீஸ் நாள்லதான் டூட்டி போடுவாங்க. பந்தய நாள்ல டீசர்ட்டு, தொப்பி எல்லாம் குடுக்கறதால சின்னப் பசங்க முந்திக்குவாங்க. ஆனா அன்னைக்குக் கடைசிப் பந்தயத்துக்கு நாலாவது திருப்பத்து ஆளுக்குக் காய்ச்சல். என்னைய நிறுத்தினாங்க. காலையில ஆறு மணிக்கு மார்ஷலுக எல்லாத்தையும் உக்கார வச்சு, இன்னைக்கு என்ன செய்யோணும், என்ன செய்யப்படாதுன்னு அரை மணி நேரம் பேசுவாங்க. நான் போகலை. பதினோரு வருசமாக் கொடி புடிக்கறவனுக்கு என்னத்தைப் புதுசாச் சொல்லப்போறாங்க? வெளிய நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன்.

பன்னெண்டு சுத்துங்க பந்தயம். பூபேஷ் மொதல்ல, ஆல்வின் ரெண்டாவது. பத்து சுத்து வரைக்கும் அப்படியேதான் போச்சு. பதினோராவது சுத்துல என்ற கூட சிலிண்டரோட நின்ன ஆறுச்சாமி, சாப்பாட்டுப் பொட்டலம் தீந்துருமுன்னு வாங்கறதுக்குப் போயிட்டாரு. நான் ஒருத்தன்தான். நேர் ரோட்டுல ரெண்டு வண்டியும் வருது. முன்னாடி பூபேஷ். பின்னாடி ஆல்வின் அவன்ற வாலையே கவ்விக்கிட்டு வர்றான். நல்லாத் தெரியுதுங்க, ஆல்வின் வேகம். அந்தச் சுத்துல அவன்தான் வேகம். கேண்டீன் பேச்சு ஞாபகத்துக்கு வந்துச்சு. இந்தத் தடவை ஒரு பய வாயைத் தொறக்கப்படாதுன்னு நீலத்தை எடுத்து நல்லாப் பளிச்சுனு ஆட்டினேன். என்ற கடமையை நான் செஞ்சேன்.

பூபேஷ் என்ன பண்ணினான்? திடீர்னு வேகத்தைக் கொறைச்சு ஓரம் ஒதுங்கினான். ஆல்வின் போய் அவன் முதுகுல ஏறிட்டான். ரெண்டு வண்டியும் சுத்திச் சுத்திப் போய் டயர் அடுக்குல மோதுச்சு. நான் உடனே மஞ்சளைத் தூக்கினேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கலை, அதை எல்லாரும் பாராட்டினாங்க. ஆல்வினுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. பூபேஷுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதுவே அவனுக்கு வெனையாப் போச்சு பாருங்க. அடிபட்டவன் மேல யாருக்கும் சந்தேகம் வராதுல்ல.

ஆல்வின் ஆஸ்பத்திரியில இருந்தே சொல்லிப்போட்டான், அவன் வேணும்னே பிரேக் அடிச்சான், நான் முந்திருவேன்னு தெரிஞ்சு என்னையும் கெடுத்து அவனும் கெட்டான்னு. பூபேஷ் டீம்ல, இல்லை, ஆல்வின்தான் கண்ணு மண்ணு தெரியாம வந்து இடிச்சான்னாங்க. ரெண்டு கட்சியாயிருச்சு. கோயமுத்தூர்க்காரன் எல்லாம் ஒரு பக்கம், மெட்ராஸ்காரன் எல்லாம் ஒரு பக்கம். அந்தத் திருப்பத்துல அப்பக் காமிரா கெடையாது. பாத்த ஒரே ஆளு நான்.

மறுநாள் விசாரணை. தகர ஷெட்டுல பந்தயம் நடத்தறவங்க மூணு பேர் உக்காந்திருந்தாங்க. மொதல்ல எனக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. எத்தனாவது சுத்து, எந்த வண்டி, மோதலுக்குப் பொறகு காட்டின கொடி என்ன, இப்படி. மஞ்சள்னு எழுதினேன். மோதலுக்கு முன்னாடி காட்டினதை எழுதறதுக்கு அதுல எடமே இல்லைங்க. எடமில்லாததை எங்க எழுதறது?

அப்புறம் அவங்கள்ல பெரியவர் கேட்டாரு. முன்னாடி போன வண்டி எந்தக் காரணமும் இல்லாம வேகத்தைக் கொறைச்சுதா? நீங்க அவருக்குத் தாய்மாமன், பயப்படாம உண்மையைச் சொல்லுங்கன்னாரு. நான் நிமுந்து நின்னு சொன்னேன். ஆமாங்க. ரோடு காலியா இருந்துச்சு, முன்னாடி ஒரு வண்டி இல்லை, ஒரு காரணமும் இல்லை, இவனாக் கொறைச்சான். பொறகு அந்தப் பெரியவரே எந்திரிச்சு வந்து கையைக் குடுத்தாரு. இந்த மாதிரி ஒரு மனுசனை நான் பாத்ததில்லைன்னாரு.

பூபேஷைக் கேட்டாங்க, ஏன் கொறைச்சேன்னு. அவன் என்னையவே பாத்துட்டு நின்னான். ரொம்ப நேரம் பாத்தான். எனக்குச் சங்கடமாப் போச்சு, பொய்க்கு என்னையத் தொணைக்குக் கூப்பிடறானோன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கடைசியில, தெரியலைங்க சார், தப்பு என்மேலதான்னு சொல்லிப்போட்டான். ஒரு வருசம் ஓட்டப்படாதுன்னு தடை போட்டாங்க. மலேசியாக்காரங்க வேற ஆளைப் பாத்துக்கிட்டாங்க. ஒரு வருசம் கழிச்சு எந்த டீமும் அவனைச் சேத்துக்கலை. வேணும்னே இடிக்க வச்சவன்னு பேராயிருச்சு. இப்பக் கெணத்துக்கடவுல மெயின் ரோட்டுமேல மெக்கானிக் கடை வச்சிருக்கான். நல்லாத்தான் ஓடுது.

அக்கா அன்னைக்கு ஒண்ணும் கத்தலைங்க. நான் போனப்ப மோர் கொண்டாந்து குடுத்தா. குடிச்சு முடிச்சதும் டம்ளரை வாங்கிக்கிட்டு, இதுதான் கடைசி, இனி இந்தப் பக்கம் வராதேன்னா. நீ பாத்தே இருந்தாலும் பாக்கலைன்னு சொல்லியிருக்கலாம், உன்னைய யாரு கேட்டான்னா. எப்படிங்க சொல்றது? பாத்ததைப் பாக்கலைன்னு எப்படிச் சொல்றது? நான் அப்படிப்பட்ட ஆளா?

ஆனா தம்பி, ஆறு தீவாளி போச்சுங்க. எனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் அமையலை. அவ ஒருத்திதான். ஞாயித்துக்கிழமையானா அவ வீட்டுலதான் சாப்பாடு, இருவது வருசமா. அவ கையில சாப்பிட்டுப் பழகின நாக்குக்கு மெஸ் சாப்பாடு எறங்க மாட்டேங்குது. ஒரு தடவை ஈச்சனாரி கோயில்ல எதுக்க வந்தா. பாக்காத மாதிரி தேங்காயை ஒடச்சிட்டுப் போயிட்டா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அழுதேன்.

நடுவுல ஒரு கூத்து. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி டிராக்குல புதுசா ஒரு பொண்ணு வந்து மார்ஷலுகளுக்கு வகுப்பு எடுத்துச்சு. எல்லாரும் கட்டாயம் உக்காரோணும்னுட்டாங்க, உக்காந்தேன். அந்தப் பொண்ணு சொல்லுது, பிராக்டீஸ்ல எவன் வேகமா வந்தாலும் முன்னாடி இருக்கறவனுக்கு நீலம் காட்டலாமாம். பந்தயத்துல அப்படிக் காட்டப்படாதாம். ஒரு முழுச் சுத்து பின்தங்கிட்டவனுக்கு மட்டும்தான் காட்டோணுமாம். மொத எடத்துக்கு மோதிக்கிட்டு வர்ற ரெண்டு பேருக்கு நடுவுல காட்டினா பெரிய தப்பாம். என்னமோ புதுசு புதுசாச் சட்டம் போடறாங்க. இது எப்பருந்தும்மான்னு கேட்டேன். எப்பவுமே இதுதானுங்க ஐயான்னு சொல்லுது. எனக்கு நம்பிக்கையில்லை. நீலம்னா நீலந்தானுங்களே? பிராக்டீஸ் நாள்ல ஒரு நீலம், பந்தய நாள்ல ஒரு நீலமா? அதுக்கப்புறம் நான் டிராக்குக்குப் போறதில்லைங்க. முட்டி வலி.

இப்ப நடந்தது கேளுங்க. போன மாசம் எனக்கு ஒரு வீடியோ வந்துச்சு, அந்த மெட்ராஸ் ஆல்வின் அனுப்பியிருக்கான். அவங்க அப்பா தவறிட்டாராம். அவரோட பழைய காமிராவை இவன் குடைஞ்சிட்டிருந்தப்ப இது கெடைச்சுதாம். அன்னைக்கு அவரு நாலாவது திருப்பத்துல வேலிக்கு வெளிய நின்னு எடுத்திருக்காரு. மவன் மோதினதும் காமிராவைத் தூக்கிப்போட்டுட்டு ஓடினவர், அதுக்கப்புறம் அதைப் பாக்கவே இல்லையாம். வீடியோவுக்குக் கீழ, இது நீங்கதானே அங்கிள்னு கேட்டிருந்தான். ஆமாப்பா நான்தான்னு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். அதுக்குப் பதிலே இல்லை.

பொறகு அவன் மெட்ராஸ்ல இருந்து நேரா பூபேஷ் கடைக்கு வந்திருக்கான். ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதாங்களாம், கடைக்குப் பக்கத்துல இருக்கற பேக்கரிக்காரர் சொன்னாரு. ஆறு வருசமா மூஞ்சியில முழிக்காதவனுக. என்னத்துக்குன்னு எனக்கு வெளங்கலை. போன வாரம் பூபேஷ் போன் பண்ணினான். மாமா, எனக்குக் கல்யாணம் வச்சிருக்குது, சீரு செய்ய நீங்க வந்தே ஆகோணும், ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அம்மாகிட்டப் பேசிட்டேன், அன்னைக்குத் தப்பு முழுக்க என்மேலதான், மாமன் சொன்னதுதான் நெசம்னு சத்தியம் பண்ணிச் சொல்லிப்போட்டேன், சமாதானமாயிட்டாங்க. நீங்க வந்து அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க மாமா. வீடியோ கீடியோன்னு எதுவும் பேசாதீங்கன்னான்.

பாத்தீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இருந்தாலும் வாய்ப்பேச்சு பத்தாதுங்க. மவன் விட்டுக்குடுத்துச் சொல்றான்னு அக்கா நெனைச்சிரப்படாதுல்ல? அதுக்குத்தான் ஒயர். சாப்பிட்டு முடிச்சதும் டிவியில போட்டுக் காட்டப்போறேன். பாருக்கா, உன்ற தம்பி பொய் சொல்லலைன்னு.

நீங்களே பாருங்களேன், இந்தாங்க. நாப்பது செகண்டுதான். இந்தா, இதுதான் நேர் ரோடு. இது நான். என்ற முதுகுதான் பாதி எடத்தை அடைச்சிருக்குது, ஒல்லியா இருந்தேன் அப்ப. கையில நீலம். இப்ப வரும் பாருங்க, பூபேஷ். கொறைக்கறான் பாத்தீங்களா? போச்சு. மோதிட்டான். இவ்வளவுதான்.

மறுபடியும் போடறீங்களா? போடுங்க.

என்னங்க? தலையா? ஹெல்மெட் என்ற பக்கம் திரும்புதுங்களா? நிறுத்துங்க, நிறுத்துங்க. ஆமா. திரும்புது. கொடியைப் பாக்கறான். பாத்துட்டுத்தான் கொறைக்கறான். நான் இதைக் கவனிக்கலைங்களே. அன்னைக்கு நான் பின்னாடி வந்த வண்டியைத்தான பாத்துட்டிருந்தேன்.

சத்தம் வேற கேக்குதுங்களா? யாரு, வேலிக்கிட்ட நின்ன ஆளா? எனக்கு இதுல இஞ்சின் எரைச்சல் மட்டுந்தான் கேக்கும். என்ன சொல்றாரு? கொஞ்சம் கிட்ட வந்து சத்தமாச் சொல்லுங்க தம்பி.

ம்.

இன்னொரு தடவை சொல்லுங்க.

ஃபஸ்ட்டுல வர்றவனுக்கு எதுக்குய்யா நீலம் காட்டறான் அந்தாளு. அப்படியாங்க சொல்றாரு?

ம்.

மோதறதுக்கு முன்னாடியா, பின்னாடியா சொல்றாரு? முன்னாடியே. சரிங்க.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். இது எந்த ஊரு, ஒத்தக்கால்மண்டபமா? அடுத்து கெணத்துக்கடவுதான். விசாரணையில பூபேஷ் என்னைய ஏன் அப்படிப் பாத்தான்னு இத்தனை நாளா நெனைச்சிட்டிருந்தேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைய அன்னைக்கே தொரத்தியிருப்பாங்க. இருவத்திரெண்டு வயசு அவனுக்கு. பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சிருந்தான்.

தம்பி, ஒரு ஒதவி. இந்தப் போன்ல எடம் பத்தலைன்னு ரொம்ப நாளா காட்டிட்டே இருக்குது. வேண்டாததை அழிக்கறது எப்படிங்க? இந்த வீடியோ ஒண்ணு போனாப் போதும், நெறைய எடம் கெடைக்கும். நீங்களே அழிச்சுக் குடுத்துருங்க, எனக்கு இதெல்லாம் வராது.

அழிக்க மாட்டீங்களா? சரிங்க, உங்க கையால வேண்டாம். எங்க அமுக்கோணும்னு மட்டும் காட்டுங்க. இந்தக் குப்பைத்தொட்டி மாதிரி இருக்குதே, இதுங்களா? நெசமாவே அழிக்கட்டுமான்னு கேக்குதுங்களா? ஆமான்னு அமுக்கோணும். இந்தா, அமுக்கிட்டேன்.

போயிருச்சுங்களா? நல்லாப் பாருங்க, போயிருச்சில்ல?

அந்த ரெண்டு பசங்ககிட்டயும் இருக்குந்தான். ஆனா அவங்க காட்ட மாட்டாங்கங்க, ரெண்டு பேரும் தங்கமான பசங்க. கொஞ்சம் வழி விடுங்க தம்பி, எறங்கோணும், என்ற அக்கா எனக்காகச் சோறாக்கி வச்சிருப்பா.